அலங்காரத்தம்மாளின் கணக்கு

தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' என்னும் நாவல் 1966 இல் வெளிவந்தது. அதனை மேல்வகுப்பு மாணவர் கையிற் கொடுத்தல் தகுமோ என ஆசிரிய நண்பர் ஒருவர் அண்மையில் வினவினார். அவ்வினா எனக்குப் புதிதன்று. சில ஆண்டுகளின் முன் எங்கள் கல்லூரி நூலக அலுமாரியிலிருந்து அந்நூலை எடுத்து மறைத்து வைத்தவன் யானே. அப்பொழுது அதனை முழுவதும் படித்திலேன் என்பதையும் ஈண்டு ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

படித்தபின் என்னை வருத்தியது அலங்காரத்தம்மாளின் ஒழுக்கம் அன்று. அவள் செய்த தெரிவேயாம். கணவர் தண்டபாணி இருக்கச் சிவசுவின் உறவை விடமாட்டாத அவள், அதற்குக் கழுவாய் தேடி, மைந்தன் அப்புவை இளமையிலேயே காவிரிக்கரை வேதபாடசாலைக்கு அனுப்பிவிடுகிறாள். பிழை தாயினது, பிரிவு பிள்ளையினது. வீட்டிலோ தண்டபாணி யாவும் அறிந்தும் வாய்திறவார். அவர் ஏசியிருப்பின் அவளுக்கு ஆறுதலாய் இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. இம்மௌனத்தை எழுதுமிடத்து ஜானகிராமனுக்கு நிகரில்லை. பெண்ணழகை வருணிக்கப் புகுந்தாலோ சற்றே அளவு மீறிவிடுகிறார்.

வைதிகக் குடும்பத்தை இழிவுபடுத்தும் நூல் எனக் கண்டித்தோர் பலர். கம்பரின் அகலிகைப் படலத்தை நாம் கூசாது கற்பிக்கின்றோமே! ஆங்கே இராமன் அடித்துகள் பட்டதும் கல் பெண்ணாயிற்று. அலங்காரத்தம்மாளும் அத்தகையதோர் அடித்துகளுக்கே காத்திருந்தாள். மகன் வேதங்கற்று முனிவனாய் மீள்வான், அவன் காலில் வீழ்ந்து பாவந் தீர்ப்பேன் என்பது அவள் கணக்கு. அப்புவோ மனிதனாகவே வளர்ந்தான். தன்னை நேசித்த இளங்கைம்பெண் இந்துவை முதலில் வெருண்டு விலக்கியவன், தாயின் வாழ்வை அறிந்தபின் அவளிடமே திரும்புகிறான். அவனைக் காணவந்த தாய் அது கண்டு காசிக்குப் புறப்படுகிறாள். கல் கல்லாகவே போயிற்று. தாயை வெறுக்கவும் மகனால் இயலவில்லை, ஏற்கவும் இயலவில்லை. இதனினுங் கொடிய துயரத்தை நம் நாவல்களிற் யான் அதிகங் கண்டதில்லை.

நண்பருக்கு என் விடை, கொடுக்கலாம் என்பதே. கொடுப்பவர் முன்னரே படித்திருத்தல் வேண்டும்.

சென்ற தவணையில் அந்நூலை மீண்டும் அலுமாரியில் வைத்தேன். முதலில் இரவல் பெற்றவள் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி. திருப்பித் தந்தபோது, "ஐயா, அனுப்பு முன் அந்தப் பிள்ளையை ஒருவரும் கேட்கவில்லையே" என்றாள். அடுத்தபடியாகப் பெயர் கொடுத்திருந்தவர் மூவர்.