மருந்து தீர்ந்துவிட்டது!



"பெரிய ஆளானதும் என்ன படிக்கப் போறே?" வீட்டுக்கு வருகிற மாமாக்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி இது. டாக்டர், கலெக்டர், கம்ப்யூட்டர் இன்ஜினியர் என்று சொல்லிச் சொல்லி உங்களுக்கும் அலுத்திருக்கும். இந்த வாரம் அதிகம் பேர் சொல்லாத ஒரு பதிலைப் பார்ப்போமா? வேதிப் பொறியியல், அதன் தங்கை உயிர்வேதிப் பொறியியல்.

உடனே சோதனைக் குழாயும் கலர் கலரான திரவமும் நினைவுக்கு வருகிறதா? அது வேதியியல். இது வேறு. எப்படி என்று புரிய, நடந்த கதை ஒன்று சொல்கிறேன்.

1941 பிப்ரவரி. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகர மருத்துவமனையில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரர் படுத்திருந்தார். முகத்துக் காயத்தில் கிருமி புகுந்து உடல் முழுக்கப் பரவியிருந்தது. ஒரு கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று. பல்கலைக்கழக விஞ்ஞானிகள் தங்களிடம் இருந்த புது மருந்தை அவருக்கு ஊசி போட்டார்கள். அதுதான் பென்சிலின். சில நாட்களில் காய்ச்சல் இறங்கியது, பசி எடுத்தது. எல்லோருக்கும் ஒரே மகிழ்ச்சி. ஆனால், மருந்து தீர்ந்துவிட்டது! அவருடைய சிறுநீரிலிருந்துகூட மருந்தைப் பிரித்தெடுத்து மறுபடி போட்டுப் பார்த்தார்கள். (முகம் சுளிக்காதீர்கள், வேறு வழியில்லை!) போதவில்லை. மார்ச் 15-ம் தேதி அவர் இறந்துபோனார்.

பென்சிலினை 1928-லேயே ஃபிளெமிங் கண்டுபிடித்துவிட்டார். 13 ஆண்டுகள் கழிந்தும், ஒரே ஒருவரைக் காப்பாற்றும் அளவு மருந்து இல்லை. ஏன்?

ஈர ரொட்டியில் பூசணம் பூக்குமே, அதன் உறவுக்காரப் பூசணம்தான் பென்சிலினைச் சுரக்கிறது. அதற்குக் காற்று வேண்டும். அதனால் திரவத்தின் மேலே ஆடைபோலத்தான் படரும். ஆக்ஸ்போர்டில் நோயாளிகளுக்கு வைக்கிற பெட்பேனில்கூட அதை வளர்த்தார்கள். இப்படி எத்தனை பாத்திரம் வைப்பது?

பெரிய தொட்டியில் வளர்த்தால் என்ன என்கிறீர்களா? நாலு பேருக்குச் சாம்பார் வைக்கும் அம்மா, நானூறு பேருக்கு வைக்க எல்லாவற்றையும் நூறால் பெருக்கினால் போதுமா? கல்யாண வீட்டுச் சமையல்காரரைக் கேளுங்கள், சிரிப்பார்! கணக்காகவே பார்ப்போம். ஒரு பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் 10 மடங்காக்குங்கள். உள்ளே பிடிக்கும் திரவம் 1000 மடங்காகும். வெளிப்பரப்போ 100 மடங்குதான். டம்ளர் பால் சீக்கிரம் ஆற, அண்டா பால் ஆறாமல் கிடப்பது இதனால்தான். பூசணம் வளரும்போது சூடு உண்டாகும். பெரிய தொட்டியில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் பூசணமே செத்துவிடும். காற்றும் அடிவரை போகாது. வேறு கிருமி நுழைந்தாலோ தொட்டி முழுக்கப் பாழ்.

ஆகவே கிருமியில்லாத காற்றை அடியிலிருந்து ஊத வேண்டும், விடாமல் கலக்க வேண்டும், குளிர்ந்த நீரைக் குழாயில் ஓடவிட்டுச் சூட்டை எடுக்க வேண்டும். கடைசியில் அத்தனை குழம்பிலிருந்து கொஞ்சூண்டு மருந்தைக் கெடாமல் பிரிக்க வேண்டும். இந்தக் கணக்கையெல்லாம் போடுகிறவர்தான் வேதிப் பொறியாளர்.

பென்சிலின் ஆலையை வடிவமைக்கும் வேலையில் முக்கியப் பங்கு எடுத்தவர் மார்கரெட் ஹட்சின்சன் என்ற அமெரிக்கப் பெண். 1937-ல் எம்.ஐ.டி.யில் வேதிப் பொறியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். 1944 மார்ச்சில் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் ஃபைசர் நிறுவனத்தின் ஆலை ஓடத் தொடங்கியது. 14 தொட்டிகள், ஒவ்வொன்றும் சுமார் 28 ஆயிரம் லிட்டர் பிடிக்கும்! அதே ஆண்டு உலகப் போரில் காயம்பட்ட வீரர்கள் ஏராளமானோர் பென்சிலினால் பிழைத்தார்கள்.

1945-ல் ஃபிளெமிங், ஃபுளோரி, செயின் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. தகுதியானவர்கள்தான். இருந்தாலும், மார்கரெட்டை யாருக்கும் தெரியவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் மனக்குறை உண்டு.

நம் ஊரிலும் பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவர்கள் இந்த நான்காண்டுப் படிப்பில் சேரலாம். சென்னை கிண்டியில் உள்ள அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் இது உண்டு. அதுவும் 1944-ல் தொடங்கியதுதான்! கணக்கு நிறைய வரும், இப்போதே சொல்லிவிட்டேன்.

உங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் தாத்தாவின் இன்சுலின் பாட்டில் இருக்கிறதா? பாக்டீரியாவையோ ஈஸ்டையோ இதே மாதிரித் தொட்டிகளில் வளர்த்துத்தான் அதைத் தயாரிக்கிறார்கள். தாத்தாவிடம் இன்று சொல்லிப் பாருங்களேன்!