விக்ராந்தின் இரவுப் பறவைகள்

பெரம்பலூர் பக்கம் காரை கிராமத்துச் செம்மண் ஓடைகளில் நடந்தால் இன்றும் கடல் உயிரினங்களின் கல்லான ஓடுகள் காலில் இடறும். சுமார் 10 கோடி வருடங்களுக்கு முன் அங்கே கடல் இருந்தது. அரியலூர் சிமெண்ட் ஆலைகள் வெட்டி எடுக்கும் சுண்ணாம்புக்கல்லும் அந்தக் கடல் தந்ததுதான். 1025-ல் கடாரத்துக்குக் கப்பல் அனுப்பிய ராஜேந்திர சோழனின் தலைநகரும் இதே அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஊர்க் கல்லூரிப் பையன்களிடம் கடற்படை விமானி யார் என்று கேட்டால்? டாம் குரூஸ் என்பார்கள்!

டாம் குரூஸ் பாவம், அவர் மேல் குற்றமில்லை. நம்மவர்களைப் பற்றி நமக்கு யாரும் சொல்லவில்லை.

1971 போரில் ஐ.என்.எஸ். விக்ராந்த் உண்மையில் ஒரு நொண்டிக் கப்பல். அதன் கொதிகலன் ஒன்றில் விரிசல். முழு வேகத்தில் ஓட முடியாது. கப்பல் மெதுவாகப் போனால் என்ன என்று தோன்றலாம். விமானம் தாங்கிக் கப்பலுக்கு வேகம்தான் உயிர். கப்பல் காற்றை எதிர்த்து வேகமாக ஓடினால்தான் தளத்தின் மேல் போதிய காற்று கிடைக்கும், விமானம் சுலபமாக எழும்பும். அது குறைந்தால் எழும்புவதும் கஷ்டம், இறங்குவதும் கஷ்டம்.

அந்தக் கப்பலில் இருந்த இரண்டு வகை விமானங்களில் ஸீ ஹாக் ஜெட் ரகம். டிசம்பர் 4 காலையில் எஸ்.கே. குப்தா தலைமையில் 8 ஸீ ஹாக்குகள் காக்ஸ் பஜாரைத் தாக்கின. பேர் அவற்றுக்கு. இன்னொன்று அலீஸே. பிரான்ஸ் தயாரிப்பு, முன்னால் சுழலும் விசிறி, வயிற்றில் ரேடார், உள்ளே மூன்று பேர். நீர்மூழ்கிகளைத் தேடி டார்பிடோ போடுவதற்காகவே செய்யப்பட்டது. உச்ச வேகம் மணிக்கு 500 கி.மீ. சொச்சம்தான். இந்த மந்தமான விமானத்தை ராத்திரியில் குண்டும் ராக்கெட்டும் ஏற்றி கிழக்குப் பாகிஸ்தான் துறைமுகங்கள் மேல் அனுப்பினார்கள். கும்மிருட்டில் போய், விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளைத் தாண்டி, திரும்பி வந்து, நடுக்கடலில் நொண்டிக்கொண்டிருக்கும் அந்தச் சின்னத் தளத்தைக் கண்டுபிடித்து இறங்க வேண்டும். ஒரு தடவை அல்ல, இரவுக்கு இரவு!

வீரம் என்றால் எத்தனை கப்பலை மூழ்கடித்தாய் என்று கணக்குக் கேட்பது நம் வழக்கம். அந்தக் கணக்கு தப்பு. 1942 ஜூன் 4-ல் மிட்வே போரில் ஹார்னெட் கப்பலிலிருந்து கிளம்பிய 15 டார்பிடோ விமானங்களும் வீழ்ந்தன. 30 பேரில் ஜார்ஜ் கே என்ற ஒரே ஒருவர் பிழைத்தார். ஒரு டார்பிடோகூட இலக்கில் படவில்லை. அவர்கள்தான் எதிரியின் கவனத்தைத் திருப்பினார்கள் என்பார்கள், பிற்கால ஆய்வாளர்கள் சிலர் அதையும் மறுக்கிறார்கள். மறுக்கட்டுமே! பலன் இல்லை என்பதால் அவர்கள் போனது பொய்யாகிவிடுமா?

நம் அலீஸேக்கும் அப்படி ஒரு நாள் உண்டு. 1971 டிசம்பர் 10. மேற்குக் கடலில், கரையிலிருந்து கிளம்பிய ஒரு அலீஸேயை பாகிஸ்தானின் எஃப்-104 விமானம் எதிர்கொண்டது. ஒலியைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில் பறக்கக்கூடியது அது. அசோக் ராயும் அவருடன் இருந்த இருவரும் திரும்பி வரவில்லை. விக்ராந்தின் ஆட்களுக்கு 2 மகாவீர் சக்ரா, 12 வீர் சக்ரா கிடைத்ததை இணையத்தில் சுலபமாகப் படிக்கலாம். இந்த மூவரைப் பற்றித் தேடினால் கிடைப்பது சில வரிகள். காஸி நீர்மூழ்கிக்கு 2017-ல் சினிமாவே வந்தாயிற்று. அது எப்படி மூழ்கியது என்பதில் இரு நாடுகளும் இன்னும் ஒத்துப்போகவில்லை என்பது வேறு கதை.

பழைய விக்ராந்த் 1997-ல் ஓய்வு பெற்று, 2014-ல் உடைக்கப்பட்டுவிட்டது. அலீஸே இருக்கிறது. கல்லூரி டூர் என்றாலே கோவாதானே? அங்கே கடற்படை விமான அருங்காட்சியகத்தில், திறந்த வெளியில், ஸீ ஹாக்குடன் அதுவும் நிற்கிறது. பீச்சுக்குப் போகிற அவசரத்தில் பஸ் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.