அம்மாவைப் பார்க்கணும்!

"மிஸ்" என்றால் நம் பிள்ளைகளுக்கு டீச்சர். பஸ் போய்விட்டாலும் "மிஸ்" என்கிறோம். இதே ஒலிக்கு இன்னொரு பொருளும் உண்டு. பிரிந்தவரை எண்ணி ஏங்குவதும் ஆங்கிலத்தில் "மிஸ்"தான்.

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள சிற்றூர்ப் பிள்ளைகள் பலர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கிறார்கள். மலையில் சாமை விளைகிறது. அது மட்டும் வயிற்றுக்குப் போதுமா? பெற்றோர் பலர் வேலை தேடி வெளியூர் போய்விடுகிறார்கள். இரவில் அந்தச் சிறுமிக்கு அம்மா நினைப்பு வருகிறது. "அம்மாவைப் பார்க்கணும் போல இருக்கு" என்கிறாள்.

கொரியா நாட்டுப் பிள்ளையும் இப்படியேதான் சொல்லும்! "போகோ சிப்தா" என்பது அவர்கள் சொல். "பார்க்க வேண்டும் போலிருக்கிறது" என்று பொருள். தாய்க்கு "ஒம்மா", தகப்பனுக்கு "அப்பா" என்பார்கள். நம்மைப் போலவே வினைச்சொல்லைக் கடைசியில் வைப்பார்கள். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. அதன்பின் கொரியர்கள் பலர் நம் ஊரில் வாழ்கிறார்கள். அவர்களுக்கும் வீட்டு நினைப்பு வராமலா இருக்கும்?

ஆங்கிலம் படிக்கும்போது இருவரும் ஒரே இடத்தில் இடறுகிறோம். "ஐ வான்ட் டு ஸீ மை மதர்" என்கிறோம். பிழை இல்லை. ஆனால் கேட்பவர், பிள்ளை லீவு கேட்கிறது என்று நினைத்துக்கொள்வார். "ஐ மிஸ் மை மதர்" என்றால்தான் ஏக்கம் புரியும். இதில் "பார்க்க" என்ற பேச்சே இல்லை. அம்மா பக்கத்தில் இல்லாத குறையை மட்டும் அந்தச் சொல் சொல்கிறது.

ஆனால் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள்? "மிஸ் - தவறவிடு" என்று ஒரே ஒரு பொருளை உருப்போடுகிறார்கள். அதை வைத்துப் பார்த்தால் "நான் அம்மாவைத் தவறவிட்டேன்" என்றாகிறது. கேட்கவே திக்கென்று இருக்கிறது!

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலில் தமிழில் கேளுங்கள்: "யாரை நினைத்தால் உனக்கு அழுகை வருகிறது?" பிள்ளை அம்மா என்னும், பாட்டி என்னும், ஆட்டுக்குட்டி என்றும் சொல்லும். அதன்பிறகு ஆங்கிலச் சொல்லைக் கொடுங்கள். பத்து முறை எழுதச் சொல்லத் தேவை இருக்காது.

விடுதிக் காப்பாளர்களுக்கும் ஒன்று. ஞாயிறு மாலை அந்தப் பிள்ளை தாயோடு போனில் பேச ஐந்து நிமிஷம் கொடுங்கள். மலையில் சிக்னல் கிடைக்கும் இடம் பிள்ளைகளுக்கே தெரியும்.