ஆறு முதல் எட்டு வரை: மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

2023-ஆம் ஆண்டு பிளஸ் டூ தேர்வில் 97.85 விழுக்காடு தேர்ச்சியுடன் விருதுநகர் மாவட்டம் மாநிலத்தில் முதலிடம் பெற்றது. தேர்வு முடிவு வரும் நாளில் நம் மாவட்டத்தின் பெயர் மேல்வரிசையில் இருப்பது பல காலமாக நடந்துவருவதுதான். அதற்காக உழைக்கும் ஆசிரியர்களுக்கு எங்கள் நன்றி. ஆனால் அந்தக் கணக்கில் வருவோர் தேர்வு எழுதும் வரை தாக்குப்பிடித்தவர்கள் மட்டுமே. எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை என்ற கொள்கை சரியானது. இருந்தும் அதன் நிழலில், வெம்பக்கோட்டை, சாத்தூர், சிவகாசி வட்டாரப் பட்டாசு ஊர்களின் நடுநிலைப் பள்ளிகளில் ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்பது எந்தத் தேர்ச்சி விழுக்காட்டிலும் தெரியாமல் போகிறது. இந்த மூன்று வகுப்புகளுக்காகவே தங்களுக்கு எழுதுகிறோம்.

அந்த வகுப்பறைகளில் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? கையில் கொஞ்சம் காசு புரளும் வீட்டுப் பிள்ளைகளைத் தனியார் பள்ளி வேன் காலையிலேயே ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. அரசுப் பள்ளியில் மிஞ்சுவோரில் பெரும்பாலோர் ஆலைக்குப் போகும் தாய் தகப்பனின் பிள்ளைகள். பலர் பட்டியல் சமூகத்தினர். பலர் தம் வீட்டில் முதன்முதலாகப் புத்தகம் பிடித்தவர்கள். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் ஆலைகளில் வேலை நெருக்கும். வீட்டின் அன்றாடமே அதற்கேற்ப மாறும். நாள்தோறும் வருகைப்பதிவு, கல்வித் துறையின் தகவல் தளமான எமிஸில் ஏறுகிறது. அதை மாதவாரியாக, ஊர்வாரியாக, வகுப்புவாரியாகப் பிரித்துத் தங்கள் மேசைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். எந்த ஊரில் எந்த மாதம் எட்டாம் வகுப்பு காலியாகிறது என்பது ஒரே நாளில் தெரிந்துவிடும்.

இனி காலைச் சாப்பாடு. இதைச் சற்று விரிவாகவே சொல்லியாக வேண்டும். கம்பெனி வண்டி விடிந்ததும் ஊருக்குள் வந்துவிடும். தூக்குச்சட்டியில் மதியச் சோற்றை எடுத்துக்கொண்டு அம்மா அதில் ஏறிவிடுவார். வீட்டைப் பூட்டி, தம்பியின் தலையைச் சீவி, கையைப் பிடித்துப் பள்ளிக்கு அழைத்து வருவது ஆறாம் வகுப்புப் படிக்கும் அக்கா. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்டபோதே ஐந்தாம் வகுப்பு என்ற எல்லையோடுதான் வந்தது. ஆகவே தம்பியின் தட்டில் பொங்கலும் சாம்பாரும் விழும். அதே வளாகத்தில், அதே சமையற்கூடத்தின் மணம் எட்டும் தூரத்தில், அக்கா வெறும் வயிற்றோடு முதல் பாடவேளைக்கு உட்கார்ந்திருப்பாள். பத்து வயதில் இருந்த பசி பதினொரு வயதில் போய்விடுமா?

திட்டத்தின் வரம்பை மாற்றும் அரசாணை சென்னையிலிருந்துதான் வர வேண்டும் என்பதை அறிவோம். அதற்கு முன்மாதிரி உண்டு. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது அதுவும் சிறு பிள்ளைகளோடுதான் நின்றது; 1984-இல் 15 வயது வரை நீட்டிக்கப்பட்டது. தங்கள் பரிந்துரைக் கடிதம் அரசுக்குப் போகட்டும். அதற்குப் பதில் வரும் வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. நிதி ஆயோக் 2018-இல் முன்னேற விழையும் மாவட்டங்களில் ஒன்றாக விருதுநகரைச் சேர்த்தது; அந்த வழியிலும் உதவி தேடலாம். ஆலை உரிமையாளர்களை அழைத்துப் பேசும் அதிகாரமும் தங்களிடம் இருக்கிறது. சமைக்கும் மகளிர் குழுவும் அடுப்பும் ஏற்கெனவே பள்ளியிலேயே உள்ளன. பட்டாசு ஊர்களின் நடுநிலைப் பள்ளிகளில் மட்டுமாவது எட்டாம் வகுப்பு வரை இந்த ஆண்டே தட்டு வையுங்கள். மதிய உணவைப் பள்ளிக்குள் கொண்டுவந்த காமராஜர், தகப்பனை இழந்த நிலையில், இதே விருதுநகரில் ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவர்.

பிள்ளைகள் ஆலைக்குள் போவது பெருமளவு நின்றிருப்பது இந்த மாவட்டத்தின் மெய்யான சாதனை. சிவகாசித் தீப்பெட்டி ஆலைகள் பற்றிய வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் 20,000 ரூபாயை முதலாளி கட்ட வேண்டும் என்றது. 2016-இன் சட்டத்திருத்தம் 18 வயது நிறையாதவர்களை வெடிமருந்துப் பக்கமே விடக் கூடாது என்கிறது. ஆனால் வீட்டுத் திண்ணையில் காகிதக் குழாய் உருட்டுவது மருந்து தொடாத வேலை என்பதால் யார் கண்ணையும் உறுத்துவதில்லை. எண்ணிக்கைக்குத்தான் கூலி. வீட்டுப்பாட நோட்டில் பசை ஒட்டியிருப்பதைப் பார்த்த ஆசிரியர்கள் பலர் உண்டு. அம்மா வேலை முடிந்து வரும் வரை இந்தப் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க ஒரு வெளிச்சமான இடமும், பக்கத்தில் ஓர் ஆளும் வேண்டும். 2021-இல் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் காட்டிய வழியில், ஆலை ஊர்களில் மாலை மையங்களை நிரந்தரமாக நடத்தித் தாருங்கள்.

2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று, முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் சுமார் 40 பேர் மாண்டனர். அதன்பின்னும் விபத்துகள் ஓயவில்லை. இப்படி இறந்தவர்களின் பிள்ளைகளுடைய படிப்புச் செலவை அரசே ஏற்கும் என்று 2024 நவம்பரில் முதலமைச்சர் அறிவித்தார். முதற்கட்டமாக 5 கோடி ரூபாயில், ஆட்சியர் பொறுப்பிலேயே நிதியம் என்றார். தாயை இழந்த பிள்ளை எது என்பது தலைமை ஆசிரியருக்குத் தெரியும். அவரிடமிருந்தே பட்டியலைப் பெறுங்கள். வாரிசுச் சான்றிதழுக்காகப் பாட்டியைத் தாலுகா அலுவலகத்துக்கு அலையவிடாதீர்கள்.

இன்னும் ஒரு வேண்டுகோள். பள்ளி மேலாண்மைக் குழு வேலை நாளின் பிற்பகலில் கூடினால், ஒரு நாள் கூலியை விட்டு எந்தத் தாயும் வர முடியாது. ஆலை விடுமுறை நாளில் கூட்டத்தை வைக்க உத்தரவிடுங்கள். எட்டாம் வகுப்பில் எத்தனை பேர் தமிழ்ப் பத்தி ஒன்றைத் தடையின்றி வாசிக்கிறார்கள், எத்தனை பேருக்கு வகுத்தல் வருகிறது என்பதை அந்தக் கூட்டத்தில் தாய்மார் முன்னால் தலைமை ஆசிரியரை வாய்விட்டுச் சொல்லச் செய்யுங்கள். முதல் கூட்டத்துக்குத் தாங்களே ஓர் ஊருக்கு நேரில் வர வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.