அக்கா தரும் வளையல்

ராமேஸ்வரத்துப் பிள்ளை அப்துல் கலாமுக்கு சென்னை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தபோது, கட்டணத்துக்கு ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. அக்கா ஜோஹ்ரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார்.

இன்றும் இந்தக் கடற்கரையில் பிள்ளைகள் படிப்புக்குக் கைகொடுப்பது நகைதான். ஆனால், வெளிநாட்டுப் படிப்புக்கு விசா கேட்கும்போது பணம் இருந்தால் மட்டும் போதாது. யார் கணக்கில், எத்தனை நாள் இருந்தது என்றும் பார்க்கிறார்கள்.

உதாரணத்துக்கு, பிரிட்டன் மாணவர் விசா. பாக்கிக் கட்டணமும் தங்கும் செலவும் மாணவர் அல்லது பெற்றோர் கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். அக்கா, மாமா கணக்கில் இருந்தால் செல்லாது. நடுவில் ஒருநாள் குறைந்தாலும், மறுபடி முதலிலிருந்து 28 நாள்!

செப்டம்பர் படிப்புக்குப் பணம் சேர்க்கும் நேரத்தில்தான் மீன்பிடித் தடைக்காலமும் வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கரையில் நிற்கும். வருமானம் இருக்காது, படகுப் பழுதுச் செலவு வேறு. அவசரத்துக்கு அந்தக் கணக்கில் கைவைத்தால் விசாவே கைநழுவலாம்.

எனவே, விசா பணத்துக்குத் தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நகையை அடகு வைப்பதென்றால், விண்ணப்பிக்க ஒரு மாதத்துக்கு முன்பே வைத்துவிடுங்கள்.