சாவி யார் கையில்?

இலங்கை 1948இல் சுதந்திரம் பெற்றது. திருகோணமலைக் கடற்படைத் தளத்தையோ பிரித்தானியர் 1957இல்தான் ஒப்படைத்தனர். ஒன்பது ஆண்டுகள் நாடு ஒருவருடையது, துறைமுகச் சாவி வேறொருவருடையது. இந்நகரிலிருந்து செய்தித் தளம் நடத்த முனைவோருக்கு நான் இதையே நினைவூட்டுவேன்.

பகிர்வு வழங்கியில் வாடகைக்கு இடம் பிடிப்பது இழுக்கன்று. ஒரே கணினியில் பல நூறு தளங்கள் குடியிருப்பதால் வாடகை குறைவு. அதனாலேயே நிர்வாக உரிமையும் நமக்கில்லை. எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்பதை வீட்டுக்காரரே தீர்மானிப்பார். இதைப் பொறுக்கலாம்.

பொறுக்க முடியாதது நமது அலட்சியம். தளம் அமைத்துக் கொடுத்தவர் பெயரிலேயே ஆள்களப் பெயர் கிடக்கிறது; கோப்புகளுக்கும் தரவுத்தளத்துக்கும் மறுபிரதி இல்லை. கேட்டால், "வழங்கியில் நமக்கு அதிகாரமில்லையே" என்கிறார்கள். வெறும் சாக்கு! எப்.டி.பி. வழியே கோப்புகளை இறக்கவும், பி.எச்.பி.மைஅட்மின் வழியே தரவுத்தளத்தைப் பிரதியெடுக்கவும் ரூட் அதிகாரம் எதற்கு?

2009 அக்டோபரில் யாஹூ, முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் ஜியோசிட்டீஸை மூடியது. அப்போதும் எண்ணற்ற பக்கங்கள் அழிந்தன.

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஒற்றைப் பிரதியாயிருந்த ஏடுகள் மீளவேயில்லை. அதைச் சொல்லி இன்றும் கலங்கும் நாம், நம் ஊரின் செய்திகளை ஒற்றைப் பிரதியாக அயலார் வீட்டில் விட்டுவைப்பது என்ன நியாயம்?