நாகரிகம் உழவுசாலில் இருக்கிறது

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சிந்துவெளி என்றால் பெருங்குளம், சுட்ட செங்கல் என்று ஒப்பிப்பார்கள். அவர்களுக்குச் சோறு போட்டது யார் என்று கேட்டால் முழிப்பார்கள்.

ராஜஸ்தானின் காலிபங்கனில் கி.மு. 2800 வாக்கில் உழுத நிலமே அகழாய்வில் கிடைத்தது. குறுக்கும் நெடுக்குமாகச் சால். ஒரு திசையில் நெருக்கம், மறு திசையில் அகலம். அந்தப் பக்கத்து விவசாயிகள் பிற்காலத்திலும் அப்படித்தான் பயறும் கடுகும் சேர்த்து விதைத்தார்கள். நம்ம ஊடுபயிர்தானே! மொகஞ்சதாரோவில் கிடைத்தது பருத்தித் துணி. பெரம்பலூர்க் காட்டிலும் பருத்திதான். சுமேரியாவிலோ பாசன நிலத்தில் உப்பேறி, கோதுமை குறைந்து பார்லி மிஞ்சியது.

இதைச் சொல்லாததால்தான் விவசாயி பிள்ளையே உழவை நாகரிகமில்லாத வேலை என்கிறது. பெரம்பலூர், அரியலூர் உழவர்களே, பக்கத்துப் பள்ளி ஆசிரியரிடம் பேசுங்கள். அந்த ஒரு பாடமாவது நம் வரப்பில் நடக்கட்டும்.